சாயப் பயிற்சியில் தோய்த்த துப்பட்டா முதல் சலவையிலேயே வெளுத்துவிட்டது: சென்னையில் அடுத்து எங்கே, எப்படிக் கற்றுக்கொள்வது?

மல்லிகைப்பந்தல் | ஜூலை 6, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். நான் நங்கநல்லூரில் இருக்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை. கைவேலை எதையாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பல வருட ஆசை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இயற்கைச் சாயப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். ஒரு வீட்டு மொட்டை மாடியில் காலை 10 முதல் மாலை 4 வரை. 3,500 ரூபாய் கட்டணம், சாப்பாடு அவர்களே கொடுத்தார்கள். பதினான்கு பேர் வந்திருந்தோம்.

அன்று முழுக்க மனசு நிறைந்து இருந்தது, அதை மறைக்க மாட்டேன். துணியைப் பலகைக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்டினோம், ரப்பர் பேண்டு போட்டு முடிச்சுப் போட்டோம், பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்த செண்டுமல்லிப் பூச்சாறிலும் மஞ்சள் கரைசலிலும் மாற்றி மாற்றி முக்கினோம். கட்டு அவிழ்க்கும்போது உள்ளே இருந்து வெள்ளை வளையங்கள் வந்ததைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். ஒரு பருத்தித் துப்பட்டாவும் ஒரு பட்டுக் கைக்குட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதல் தடவை சோப்புப் போட்டுத் துவைத்தபோது துப்பட்டாவில் திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டது. அலசியதும் சிவப்புப் போனது, அதோடு மஞ்சளும் பாதி போனது. வெயிலில் இரண்டு நாள் காய்ந்ததும் மிச்சமும் வெளுத்துப் பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பட்டுக் கைக்குட்டை மட்டும் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவரிடம் கேட்டேன். "இயற்கைச் சாயம் என்றால் அப்படித்தான், அதுதான் அதன் அழகு" என்று பதில் வந்தது. பூ எத்தனை கிராம், துணி எத்தனை கிராம் என்று பயிற்சியின்போதே கேட்டிருந்தேன். கண் அளவுதான் என்றார்கள்.

என் சந்தேகம் இவ்வளவுதான். இது என் கைத் தவறா, சாயத்தின் குணமா, சொல்லிக்கொடுத்த முறையில் குறையா? அம்மாவின் பழைய வெள்ளைப் பருத்திப் புடவை ஒன்று இருக்கிறது. அதற்கு என் கையால் நிறம் ஏற்றி அவருக்கே கட்டக் கொடுக்க வேண்டும். அதைக் கெடுத்துவிடக் கூடாது. மறுபடி பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

கோலப்பொடி | ஜூலை 6, இரவு 10.03

எனக்கும் இதேதான் நடந்தது, வேறொரு இடத்தில். குர்தா தைக்கலாம் என்று இரண்டரை மீட்டர் முக்கினேன். இப்போது அது சமையலறையில் கைதுடைக்கும் துணி. பதில் வந்தால் எனக்கும் பயன்படும், இந்த உரையாடல் இழையைத் தொடர்கிறேன்.

அவுரிக்காடு | ஜூலை 7, காலை 6.50

மல்லிகைப்பந்தல், உங்கள் கை எந்தத் தவறும் செய்யவில்லை. நான் பதினோரு வருடமாக வீட்டில் சாயம் போடுகிறேன், பல்லாவரத்தில். நீங்கள் எழுதியதிலேயே காரணம் மொத்தமும் இருக்கிறது. பட்டு நின்றது, பருத்தி வெளுத்தது என்பதுதான் முக்கியமான தடயம்.

முதலில் அந்தச் சிவப்பு. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாகிறதே, அதேதான். சோப்பில் காரம் இருக்கிறது, மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும். மஞ்சள் எந்தத் துணியையும் உடனே பிடித்துக்கொள்ளும், அதனால் பயிற்சிகளில் அதைச் சேர்க்கிறார்கள், பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் வெயில் பட்டால் நிற்காது. செண்டுமல்லி அப்படி இல்லை. ஒழுங்காகத் தயார் செய்த துணியில் அது நல்ல கெட்டிச்சாயம்.

இப்போது துணிக்கு வருவோம். பட்டும் கம்பளியும் விலங்கு இழை, சாயத்தைத் தாமாகவே வாங்கிக்கொள்ளும். பருத்தி அப்படி வாங்காது. கடையில் வாங்கும் காடாத்துணியிலோ மல்மல்லிலோ கஞ்சி, எண்ணெய்ப் பசை, பஞ்சின் மெழுகு எல்லாம் ஒட்டியிருக்கும். சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும். அது தெளியும்வரை அலச வேண்டும். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் துணி இன்னும் தயாராகவில்லை. விட்ட உடனே உள்ளே இழுத்துக்கொண்டால் தயார்.

அதற்கு அடுத்தது கடுக்காயும் படிகாரமும். காய்ந்த துணியை எடை போடுங்கள். உங்கள் துப்பட்டா 120 கிராம் என்று வைத்துக்கொண்டால் கடுக்காய்த் தூள் 20 சதவீதம், அதாவது 24 கிராம். வெந்நீரில் கரைத்து, துணியை முக்கி, பிழிந்து, அலசாமல் காய வைக்க வேண்டும். அப்புறம் படிகாரம் 15 சதவீதம், 18 கிராம். அதிலும் ஊறவைத்துக் காய வைக்க வேண்டும். கடுக்காயில் உள்ள துவர்ப்பு பருத்தியைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பைப் படிகாரம் பிடிக்கும், படிகாரத்தைச் சாயம் பிடிக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் சாயம் துணிமேல் சும்மா உட்கார்ந்திருக்கும், முதல் சலவையில் எழுந்து போய்விடும். உங்கள் துப்பட்டாவுக்கு நடந்தது அதுதான். செண்டுமல்லி உலர்ந்த பூவாக 60 கிராம் இருந்தால் இந்தத் துப்பட்டாவுக்குத் தாராளம்.

இன்னொன்று தண்ணீர். சென்னையில் இதைச் சொல்லாமல் சாயம் சொல்லிக்கொடுக்கவே முடியாது. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் மஞ்சள் நிறம் பாசிப் பச்சையாகிவிடும். சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போட்டுக் கலக்கிப் பாருங்கள். சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறினால் இரும்பு இருக்கிறது. நான் ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்கிறேன், மஞ்சளும் பச்சையும் போடும்போது அதுதான் கைகொடுக்கிறது.

ஆகவே அடுத்த பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சாயத்தில் போடுவதற்கு முன் துணியை என்ன செய்கிறீர்கள்?" இதற்குப் பத்து நிமிடம் பதில் சொல்பவரிடம் போங்கள்.

பட்டறைக்காரன் | ஜூலை 7, காலை 11.25

நான் திருப்பூரில் 22 வருடம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன். இப்போது அம்பத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவுரிக்காடு அம்மா சொன்னது அத்தனையும் சரி. கஞ்சி எடுக்காத துணியில் பட்டறையிலும் சாயம் ஏறாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரசாயனச் சாயம் என்றதும் எல்லோரும் முகம் சுளிக்கிறீர்கள். தினமும் உடுத்தி, தினமும் துவைக்கிற பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் மாதிரி நிற்பது வேறு இல்லை. அது இழைமேல் ஒட்டிக்கொள்வதில்லை, இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடுகிறது. அதில் குளிர்முறைச் சாயம் என்று ஒரு வகை இருக்கிறது, அடுப்பே வேண்டாம். சென்னை வெப்பம் அதற்கு வாகானது.

முடிச்சுப் போட்டு நிறம் ஏற்றுவதானால் முறை இது. துணியைச் சோடா ஆஷ் என்ற காரத் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். முடிச்சுப் போட்டு, கரைத்த சாயத்தை மேலே ஊற்றுங்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு இரவு ஈரம் காயாமல் வையுங்கள். மறுநாள் பச்சைத் தண்ணீரில் அலசி, கடைசியில் சோப்புப் போட்ட கொதிநீரில் ஒரு தடவை கொதிக்கவிடுங்கள். இழையோடு பிணையாத சாயம் அப்போதுதான் வெளியே போகும். வீட்டில் போடுபவர்கள் இந்தக் கடைசிக் கொதியை விட்டுவிட்டு, சாயம் போகிறது என்று சாயத்தைக் குறை சொல்கிறார்கள். சோடா கலந்த சாயத்தை மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள், அது தண்ணீரோடு சேர்ந்து வலு இழந்துவிடும்.

அதைவிட முக்கியம், முகக்கவசம். ரியாக்டிவ் சாயத் தூள் மூச்சில் ஏறினால் ஒவ்வாமை வரும், ஆஸ்துமா வரும். என்னோடு வேலை செய்த இருவர் சாயம் எடை போடும் அறைக்குள் நுழைய முடியாமல் வேலையை விட்டார்கள். எந்தப் பயிற்சியிலாவது கவசமும் கையுறையும் தராமல் சாயத் தூள் டப்பாவை மேசை நடுவில் திறந்து வைத்தால், எழுந்து வந்துவிடுங்கள். பணம் போனால் போகட்டும்.

அப்புறம் கழிவுநீர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன். நொய்யலை நாங்கள் என்ன செய்து வைத்திருந்தோம் என்று எனக்குத் தெரியும். அந்த ஆற்றங்கரையில் பிறந்தவன் நான். அதனால் சொல்கிறேன், இரண்டு துணிக்கு ஒரு வாளி சாயம் கரைக்காதீர்கள். துணியின் எடைக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு சாயம் போட்டாலே நடுத்தரமான ஷேடு வந்துவிடும். அளந்து போட்டால் வீணாவதும் குறையும்.

கொடிமுல்லை | ஜூலை 7, பிற்பகல் 3.40

பட்டறைக்காரன் ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனாலும் இயற்கைச் சாயம் நிற்காது என்ற எண்ணம் இந்த இழையைப் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து துணி உலகம் முழுக்கப் போனதே சாயத்தின் உறுதிக்காகத்தான். நம் கடற்கரை மணலில் வளரும் இம்பூறல், அதைச் சாயவேர் என்றே சொல்வார்கள். அந்தச் சிறு செடியின் வேரில் அலிசரின் என்ற சிவப்பு இருக்கிறது. படிகாரம் ஏற்றிய துணியில் அது ஏறினால் துவைக்கத் துவைக்கத் தெளிவாகும். கும்பகோணம் பக்கம் கொடாலிக் கருப்பூரில் தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்கு நெய்த புடவைகளில் சரிகை நெசவும் கையால் மெழுகு தடவிச் சாயம் போடுவதும் ஒரே துணியில் சேர்ந்திருந்தன. அந்த நெசவு நின்று நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அருங்காட்சியகங்களில் இருக்கும் துண்டுகளில் சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. துணியில் எழுதுகோலால் சாயம் தீட்டும் கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கலம்காரியில் துணியைக் கடுக்காயோடு எருமைப்பால் கலந்து ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு, கலம் என்ற மூங்கில் எழுதுகோலிலிருந்து இறங்கும் சாயம் பரவாமல் தடுக்கும். இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் கண் அளவில் வேலை செய்தவர்கள்தான். ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னால் பல தலைமுறைப் பழக்கம் இருந்தது. ஒரு நாள் பயிற்சிக்கு வருபவரிடம் கண் அளவு என்று சொல்வது எந்த வகையிலும் நியாயம் இல்லை, அந்த இடத்தில் மல்லிகைப்பந்தல் பக்கம்தான் நான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இயற்கை என்ற பெயரில் சிலர் குரோமியம், மயில்துத்தம் எல்லாம் போட்டுச் சாயம் பிடிக்க வைக்கிறார்கள். அவற்றை வீட்டுச் சாக்கடையில் விடவே கூடாது. படிகாரமும் கொஞ்சம் இரும்பும் போதும் எந்த நிறத்துக்கும்.

பட்டறைக்காரன் | ஜூலை 7, மாலை 5.02

சாயவேர் பற்றி என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. நீங்கள் சொல்வது சரிதான் அம்மா. அளவு தெரிந்து செய்தால் இரண்டும் நிற்கும்.

தறிப்பேட்டை | ஜூலை 7, இரவு 8.30

சாயம் போவது பற்றிய பேச்சு என்பதால் சென்னைக்காரனாக ஒன்று சேர்க்கிறேன். எங்கள் குடும்பம் சிந்தாதிரிப்பேட்டையில் நான்கு தலைமுறையாக இருக்கிறது. 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர், நூல் நூற்பவர், துணியில் சாயம் தீட்டுபவர், சலவைக்காரர் எல்லோரையும் குடியேற்றி உருவாக்கிய ஊர் அது. சின்னத் தறிப் பேட்டை என்ற பெயர்தான் இப்படி மருவியது. கிழக்கிந்தியக் கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்த பகுதி வண்ணாரப்பேட்டை. இந்த நகரம் துணிக்காகவே உண்டானது.

சாயம் போனதால் பேர் வாங்கிய துணியும் நம்முடையதுதான். 1958-இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் இங்கிருந்து கட்டம் போட்ட மெட்ராஸ் துணியை வாங்கி, நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்று இங்கே சொல்லி அனுப்பிய செய்தி அங்கே சட்டை வாங்கியவர்களைச் சேரவில்லை. இயந்திரத்தில் போட்டதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன, வாடிக்கையாளர்கள் கோபப்பட்டார்கள். பிறகு அந்தக் குணத்தையே சிறப்பாகச் சொல்லி, கட்டாயம் சாயம் போகும் என்று விளம்பரம் செய்து விற்றார்கள்.

இந்தக் கதையை எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. சாயம் போகும் என்று தெரிந்தே போட்டவர்கள், எப்படித் துவைக்க வேண்டும் என்பதையும் சொல்லியே அனுப்பினார்கள். மல்லிகைப்பந்தலுக்கு அந்தக் குறிப்புகூடக் கிடைக்கவில்லை.

மல்லிகைப்பந்தல் | ஜூலை 8, காலை 7.15

படிக்கப் படிக்கக் கண் திறந்தது. எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே எங்கள் போர் தண்ணீரில் கடுக்காய் போட்டுப் பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் சாம்பல் நிறம்! இத்தனை வருடமாக வாளியில் படியும் செம்மண் கறைக்கும் இதுதான் காரணம் போல.

இரண்டு கேள்விகள். சென்னையில் நேரில் போய்ப் பார்க்கத் தகுந்த இடங்கள் எவை? பொருள்கள் எங்கே கிடைக்கும்?

கடலோரவாசி | ஜூலை 8, மதியம் 12.48

நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பதால் அந்தப் பக்கத்து இடங்கள் பழக்கம். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, 1996-இல் திறந்தது. தென்மாநிலப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். அங்கே கைவினைப் பயிற்சிகள் அவ்வப்போது நடக்கும். எது எப்போது என்று முன்பே கேட்டுக்கொண்டு போக வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் கைத்தொழில் பிரிவு இருக்கிறது, நெசவும் கலம்காரியும் உண்டு. நடனத்துக்காகவே அந்த இடம் என்று நினைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். கலம் பிடித்துக் கோடு இழுப்பவரின் மணிக்கட்டை அரைமணி நேரம் பார்த்தால், எந்தக் காணொளியிலும் கிடைக்காதது கிடைக்கும்.

ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமத்தையும் சொல்லியாக வேண்டும். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கியது. ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத நாளில் மெழுகு தடவிச் சாயம் போடும் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் நிலத்துக்கும் வாழ்க்கைக்கும் பணம் சேர்த்தார்கள். சென்னையில் மெழுகும் சாயமும் பற்றிப் பேசும்போது அந்தக் கைகளை நான் மறப்பதில்லை.

பாத்திக் கற்க நினைத்தால் மே மாதம் வேண்டாம். நான் போன பயிற்சி மே மூன்றாம் வாரம். மெழுகு இறுகவே இல்லை. துணியைக் கசக்கினால் மெல்லிய வெடிப்பு விழுந்து, அதற்குள் சாயம் இறங்கி நரம்பு மாதிரி கோடு வர வேண்டும். எங்களுக்கு மெழுகு வெடிக்காமல் வளைந்துகொடுத்தது. பாரஃபின் அதிகம் சேர்த்தால் வெடிக்கும், தேன்மெழுகு சேர்த்தால் வளையும் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. சாயமும் சூடாக இருக்கக் கூடாது, மெழுகு உருகிவிடும். இப்போது டிசம்பரில் மட்டும் பாத்திக் செய்கிறேன், விடிகாலையில். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடி போட்டு அணையுங்கள்.

பொருள்கள்: காடாவும் மல்மல்லும் பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்த விலைக்கு. சாயமும் சோடா ஆஷும் அதே சௌகார்பேட்டைப் பக்கம், கோவிந்தப்பா நாயக்கன் தெருவில் கேட்டுப் பாருங்கள். கடுக்காய், சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர், படிகாரம் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். நான் மயிலாப்பூர் கச்சேரி சாலை டப்பா செட்டி கடையில் வாங்குவேன். மாதுளைத் தோல் பழச்சாறுக் கடையில் சும்மாவே தருவார்கள். செண்டுமல்லிக்கு ஆயுத பூஜை மறுநாள் கோயம்பேடு போங்கள்.

கோலப்பொடி | ஜூலை 8, பிற்பகல் 2.20

எட்டு வயதுப் பெண்ணை எந்தப் பயிற்சிக்கு அழைத்துப் போகலாம்?

அவுரிக்காடு | ஜூலை 8, மாலை 4.05

அச்சுக்கட்டைப் பயிற்சி. தேக்கில் செதுக்கிய அச்சு, மெத்தென்று துணி அடுக்கிய மேசை, தண்ணீரில் கரையும் பிக்மென்ட் நிறம். அடுப்பு இல்லை, தூள் இல்லை. அச்சை வைத்து முஷ்டியால் தட்டும் சத்தம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்கு வந்து ஒருநாள் கழித்து, பின்பக்கமாகச் சூடான இஸ்திரி போட்டால் நிறம் நிற்கும்.

நீலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்காமலே சொல்லத் தோன்றுகிறது. என் பெயரே அதுதானே. திண்டிவனம் பக்கம் இன்றும் நீலச் சாயம் தரும் அவுரிச் செடி விளைகிறது. நீலம் தண்ணீரில் கரையாது. காரமான தொட்டியில் அதன் உயிர்வளியை எடுத்துவிட்டால்தான் கரையும், அப்போது தொட்டி மஞ்சள்பச்சையாக இருக்கும். துணியை உள்ளே முக்கி வெளியே எடுக்கும்போது பச்சை, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலம். பதினோரு வருடமாகியும் அந்த அரை நிமிடம் எனக்குப் பழகவில்லை.

பட்டறைகளில் காரத்துக்குக் காஸ்டிக் சோடாவும், உயிர்வளியை எடுக்க ஹைட்ரோ என்ற ரசாயனமும் போடுவார்கள். சீக்கிரம் ஆகும், நாற்றமும் எரிச்சலும் உண்டு. வீட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று கணக்கு போதும்: அவுரித் தூள் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, ஃபிரக்டோஸ் சர்க்கரை மூன்று பங்கு, வெந்நீரில். மேலே செம்பு நிறத்தில் ஆடை கட்டினால் தயார். நம் ஊர்ப் பழைய முறை தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு புளிக்க விடுவது. சென்னை வெயிலில் நன்றாகவே புளிக்கும், பொறுமைதான் வேண்டும். ஒரு முக்கில் அடர்நீலம் வராது. ஐந்து, ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் காற்றாட விட வேண்டும். நீலத்துக்குப் படிகாரம் வேண்டாம் என்பதால் முதல்முறை பருத்தியில் வேலை செய்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் கஞ்சி எடுத்தே ஆக வேண்டும்.

பயிற்சி நடத்துபவர் | ஜூலை 9, காலை 10.30

வாரக்கடைசிப் பயிற்சிகள் நடத்துபவள் என்ற முறையில் எழுதுகிறேன். மல்லிகைப்பந்தலுக்கு நடந்ததை நியாயப்படுத்த வரவில்லை. மஞ்சளைப் போட்டு, வெளுத்ததும் அதுதான் அழகு என்று சொல்வது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால் எங்கள் பக்கமும் கேளுங்கள். கஞ்சி எடுத்து, கடுக்காய் ஏற்றிக் காய வைத்து, படிகாரம் ஏற்றிக் காய வைக்க எனக்கு மூன்று நாள் ஆகிறது. பன்னிரண்டு பேருக்கான துணியை வியாழக்கிழமையே தொடங்கிவிடுவேன். வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை தயார்த் துணியைத்தான் பார்க்கிறார்கள். ஆறு மணி நேரத்தில் நிறம் பார்க்காமல் அனுப்பினால் வருத்தப்படுவார்கள். சலவை செய்யக் கற்றுக்கொள்ளவா பணம் கட்டினோம் என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார்.

இந்த இழையைப் படித்ததும் ஒன்று முடிவு செய்தேன். இனி ஒவ்வொருவர் கையிலும் கஞ்சி எடுக்காத துணி ஒரு சாண், கஞ்சி மட்டும் எடுத்தது ஒரு சாண், மூன்று வேலையும் முடிந்தது ஒரு சாண் கொடுத்து, மூன்றையும் ஒரே தொட்டியில் போடச் சொல்லப் போகிறேன். வெளியே எடுக்கும்போது வித்தியாசம் அவர்கள் கண்ணாலேயே தெரியும். அளவுகளை ஒரு தாளில் அச்சடித்தும் தருகிறேன்.

பட்டறைக்காரன் | ஜூலை 9, காலை 11.10

இது அருமையான ஏற்பாடு அம்மா. பட்டறையில் புதுப் பையன்களுக்கு நாங்கள் இப்படித்தான் காட்டுவோம். அந்த மூன்றையும் வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, சோப்புத் தண்ணீரில் அலசிக் காட்டுங்கள். வெள்ளையில் கறை இறங்குகிறதா என்று பார்த்தால் சலவைக்கு நிற்குமா என்பது தெரிந்துவிடும். வெயிலுக்கு, பாதித் துணியை அட்டையால் மூடி ஜன்னலில் இரண்டு வாரம் வையுங்கள்.

மல்லிகைப்பந்தல் | ஆகஸ்ட் 24, இரவு 9.40

தாமதமாக வருகிறேன், ஆனால் வெறும் கையோடு வரவில்லை.

பயிற்சி நடத்துபவர் அக்காவின் வகுப்புக்குத் தனிமடலில் கேட்டுப் போனேன். அந்த மூன்று சாண் துணியும் இப்போது என் நோட்டில் இருக்கின்றன. முதல் துண்டு அலசியதும் கிட்டத்தட்ட வெள்ளை. இரண்டாவது வெளிறிய மஞ்சள். மூன்றாவது நல்ல பொன் மஞ்சள், ஏழு சலவை ஆகிவிட்டது, அப்படியே இருக்கிறது. அலுவலகத்தில் நாள் முழுக்க எண்களோடு இருப்பதாலோ என்னவோ, எடை போட்டு எழுதி வைப்பது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தராசு 400 ரூபாய்க்கு வாங்கினேன். இதுவரை 26 துண்டுகள் ஒட்டியிருக்கிறேன், ஒவ்வொன்றின் கீழும் துணி எடை, கடுக்காய், படிகாரம், எந்தத் தண்ணீர், எத்தனை சலவை என்று எழுதியிருக்கிறேன்.

எங்கள் போர் தண்ணீரில் போட்ட செண்டுமல்லியும் நோட்டில் உண்டு. முதிர்ந்த பாசிப் பச்சை. கெட்டது என்று நினைத்துத்தான் ஒட்டினேன். அம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். அவர் பிறந்த ஊரில் வாய்க்கால் ஓரத்துக் கோரை அந்த நிறத்தில் இருக்குமாம். புடவைக்கு அதுதான் வேண்டும் என்கிறார்.

புடவை 410 கிராம். கஞ்சி எடுத்தாகிவிட்டது, சொட்டுத் தண்ணீரை உடனே இழுக்கிறது. 82 கிராம் கடுக்காயில் இன்று காலை முக்கி மாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. போர் தண்ணீரின் இரும்பு நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஆறு கஜமும் ஒரே நிறமாக வருமா என்பதுதான் பயம். அவுரிக்காடு அக்கா, என்ன செய்யலாம்?

அவுரிக்காடு | ஆகஸ்ட் 25, காலை 5.55

மழைத்தண்ணீர் அல்லது கேன் தண்ணீரில் முதலில் முழுப் புடவையையும் மஞ்சளாக்கிவிடுங்கள். இரும்பைத் தனியாகச் சேருங்கள். இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு வாரம் ஊறவைத்து வடிகட்டினால் போதும். பெரிய அண்டாவில் நிறையத் தண்ணீர், அதில் ஒரு கரண்டி வடிநீர். புடவையை நனைத்து, பிரித்து, ஒரே மூச்சில் உள்ளே விட்டுப் புரட்டிக்கொண்டே இருங்கள். இரண்டு நிமிடத்தில் நிறம் மாறத் தொடங்கும். ஈரத்தில் இன்னும் கொஞ்சம் கருமையாகத் தெரியும், அம்மா காட்டிய துண்டையும் நனைத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போனதும் எடுத்து உடனே அலசிவிடுங்கள். இரும்பு அதிகமானால் பழைய பருத்தி இற்றுப்போகும், அதனால் கரண்டிக்கு மேல் போடாதீர்கள்.

வெல்லத் தண்ணீரை இன்றே ஊறப் போட்டுவிடுங்கள்.